குதிரைத்திறன் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அதிவேகக் கார்களின் குதிரைத்திறனை வர்ணிப்பவர்கள் அவற்றை நிறுத்துவதைப் பற்றிப் பேசுவதேயில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும் அந்தக் கிளர்ச்சி உண்மையானது, அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும். காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 40 மீட்டர் போதும். 200 என்றால் 160 மீட்டர். கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியில் மேலும் 55 மீட்டர் ஓடியிருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) என்ற ஆயில் வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அது 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்தால் சூடேறி, ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். பெடல் மெத்தென்று தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் அதற்கும் முன்பே.

டயரின் பக்கவாட்டில் ‘DOT’ என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரத் தயாரிப்பு. டயரின் காடி (பள்ளம்) ஆழமாக இருந்தாலும், பழைய ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் பிடிமானம் குறையும்.

வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். எடை முன்பக்கம் சாய, பின் டயர்கள் பிடி இழந்து வண்டி சுழன்றுவிடக்கூடும். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்