சித்திரை வரை பெயிண்ட் வேண்டாம்

டொராண்டோ,
கார்த்திகை 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலமா என்று அறிய ஆவல். நிற்க. தேவிபட்டினம் வீட்டில் முழங்கால் மட்டத்துக்குத் தண்ணீர் நின்று வடிந்ததாகவும், சுவர் காயட்டும் என்று எல்லா சன்னலையும் ராப்பகலாகத் திறந்து போட்டிருப்பதாகவும் மதினி போனில் சொன்னார்கள். முதல் வேலையாக அந்த சன்னல்களைச் சாத்துங்கள்.

நனைந்த வீட்டைக் காயவைப்பதுதான் இங்கே பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஊர் வீடுகள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. உள்ளே குளிருக்குக் கண்ணாடிப் பஞ்சு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். தண்ணீர் புகுந்தால் ஜிப்சம் திரியைப் போல மேலே உறிஞ்சும். ஒரு சாண் தண்ணீர் நின்றாலும் இரண்டடி உயரத்துக்குப் பலகையை அறுத்து, பஞ்சையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பிளாஸ்டிக் தாளுக்குப் பின்னால் மாட்டிய ஈரம் தானாக வெளியேறாது, பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும்.

குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டில் ஹீட்டர் நின்றால் குழாய்த் தண்ணீர் உறைந்து 9 சதவீதம் பருக்கும், குழாய் வெடிக்கும். பனி உருகும் மாதங்களில் நிலவறைக்குள் தண்ணீர் ஏறும். அப்போது அவசரப்பட்டு மொத்தத்தையும் இறைத்துவிடக் கூடாது. வெளியே மண் ஊறி நிற்கும்போது உள்ளே காலி செய்தால் மண்ணின் அழுத்தத்தில் சுவர் உள்பக்கம் சாயும். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்குதான் இறைப்பார்கள்.

காயவைப்பதில் பருவம்தான் பெரிய ஆள். காற்று எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பது சூட்டைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் 17 கிராம், 25 டிகிரியில் 23 கிராம், 30 டிகிரியில் 30 கிராம் வரை தாங்கும். மைனஸ் 10 டிகிரியில் வெறும் இரண்டேகால் கிராம். அதனால் தை மாதத்தில் இங்கே வெளிக்காற்றை உள்ளே விட்டு 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடிய அளவில் இப்போது இருக்கும் பங்கு, 12 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும்; அந்தக் காற்று சுவரிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆனால் ஹீட்டரை நிறுத்திவிட்டு சன்னலைத் திறந்தால் ஒன்றும் நடக்காது. வீடு குளிர்ந்து ஆவியாவதே நின்றுபோகும், ஈரமுறிஞ்சும் இயந்திரத்தின் குழாயிலும் பனி கட்டும். ஆடி மாதம் வந்தால் எல்லாம் தலைகீழ். 30 டிகிரி, 70 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 21 கிராம். நம்ம ஊர்க் காற்றேதான். அப்போது சன்னலை அடைத்து இயந்திரத்தை ஓட்டுவது ஒன்றே வழி.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மழை விடாத வாடைக்காலத்தில் ராத்திரி வெளியே 25 டிகிரி, 95 சதவீதம் இருந்தால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 22 கிராம். வீட்டுக்குள் 28 டிகிரி, 75 சதவீதம் என்றால் 20 கிராம். சன்னலைத் திறந்தால் வெளி ஈரத்தைக் காசில்லாமல் உள்ளே வாங்கிப் போடுகிறீர்கள். மழை வெறித்த நாளில் நண்பகலுக்கு வெளியே 30 டிகிரி, 65 சதவீதம் வந்தால் கணக்கு இருபதுக்குக் கீழே இறங்கும். அப்போது திறங்கள். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர் இரண்டு வாங்கி, உள்ளே ஒன்று, வெளியே நிழலில் ஒன்று தொங்கவிட்டால் போதும். சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தச் சூட்டில் காற்று தாங்கும் கிராமைச் சதவீதத்தால் பெருக்கித்தான் உள்ளையும் வெளியையும் ஒப்பிட வேண்டும். பொதுவாக 11 மணியிலிருந்து 4 மணி வரை திறக்கலாம், பொழுது சாயச் சாத்திவிட வேண்டும். மழை போனதும் இந்த ஒழுங்கை விட்டுவிடாதீர்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மழை நாளில் ஏசி உள்ள அறையை அடைத்து 26 டிகிரியில் ஓட்டுங்கள். வெளியே வடியும் குழாயில் ஒரு வாளி வையுங்கள். ஒன்றரை டன் ஏசி புழுக்கமான அறையில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் எடுக்கும். வாளியில் விழுவது குறையக் குறைய அறை காய்கிறது என்று அர்த்தம். மேசை விசிறியைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக ஓடவிடுங்கள். ஏசி இல்லாத அடைத்த அறையில் வெறும் விசிறியால் பயனில்லை, சில மணி நேரத்தில் அறைக் காற்று ஈரத்தால் நிரம்பி நின்றுவிடும். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துச் சூடேற்றுவதும் வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். கரிச்சட்டி அதைவிட மோசம், அடைத்த அறையில் ஆளையே கொல்லும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வந்தது கடல் ஏறிய தண்ணீர். அது காய்ந்தாலும் உப்பு சுவருக்குள்ளேயே இருக்கும். சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும். நம்ம கரையில் அதற்குக் கீழே இறங்கும் நாள் எத்தனை? அதனால்தான் உப்பேறிய சுவர் ஒவ்வொரு மழைக்கும் மறுபடி வேர்க்கிறது. சேறு காயும் முன் நல்ல தண்ணீரில் சுவரையும் தரையையும் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அது உவர். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் அல்லது காவிரித் தண்ணீர்தான் சரி. பிறகு வெள்ளையாகப் பூத்து வரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். நனைத்துத் துடைத்தால் உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போகும்.

பூச்சைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடத்தை, தண்ணீர்த் தடத்துக்கு மேல் ஒரு அடி வரை கொத்தி எடுத்துவிடுங்கள். செங்கல் சுவர் மாதத்துக்கு ஒரு அங்குலம் காயும் என்பது மேஸ்திரிகள் வைத்திருக்கும் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் நாலரை மாதம். சித்திரைக்கு முன் பட்டி, எனாமல், டிஸ்டம்பர் எதுவும் போடக் கூடாது. உள்ளே ஈரம் அடைபட்டு அப்படியே உரிந்து வரும். அவசரமென்றால் சுண்ணாம்பு அடிக்கலாம், அது சுவரை மூச்சுவிட விடும்.

தேக்குக் கதவு ஊதி அடைக்கிறது என்று இப்போதே இழைத்துவிடாதீர்கள், பங்குனியில் அது சுருங்கி இடைவெளி விழும். வெயிலில் வைத்தால் நெளியும். நிழலில் காற்றாட வையுங்கள். பீரோவைச் செங்கல் மேல் ஏற்றி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். தண்ணீர் தொட்ட சுவிட்ச் போர்டுகளை எலக்ட்ரீசியன் கழற்றிப் பார்க்கும் வரை மெயினைப் போடக் கூடாது. சுவருக்குள் வயர் ஓடும் பைப்பில் தண்ணீர் நிற்கும்.

காய்ந்ததா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அறைப் பக்கம் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஊருக்கு வருகிற ஆளிடம் மரத்தின் ஈரத்தைக் காட்டும் ஊசி மீட்டர் ஒன்றும் கொடுத்துவிடுகிறேன். அதைக் கதவு நிலையில் குத்திப் பாருங்கள், 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. சுவரில் குத்தாதீர்கள். உப்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், காய்ந்த சுவரிலும் அது ஈரம் என்றே காட்டும்.

இப்படிக்கு,
தம்பி