மகளுக்கு: உன் காது வேண்டியிருக்கிறது

மானிப்பாய்,
வெள்ளிக்கிழமை பின்னேரம்

அன்புள்ள மகளுக்கு,

எங்கள் தவளைக்கண் கார், அந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற்றுக்கு நீ அனுப்பிய பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. டிஸ்க் இரண்டும் ஒரு கீறல் இல்லை. கலிப்பர், பாட், ஹோஸ், மாஸ்ரர் சிலிண்டர் எல்லாம் நீ எழுதிய துண்டின்படி சரி. பெட்டியின் பாரத்தைப் பார்த்துவிட்டு, பேரனின் படத்தைச் சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய் என்று அம்மா நினைத்தா. அடுத்த முறை அதையும் ஒன்று வைத்துவிடு.

போன ஞாயிறு போனில் நீ கேட்டதற்கெல்லாம் "ஓம், பார்ப்பம்" என்று மட்டும் சொன்னேன். உனக்கு அது மனம் நொந்திருக்கும். எஞ்சினை மாற்றுங்கோ, ஓல்ரனேற்றர் போடுங்கோ, ஐந்து கியர் பெட்டி போடுங்கோ என்று நீ சொன்னதெல்லாம் என்மேல் உள்ள அக்கறையில்தான் என்று எனக்குத் தெரியும். எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை, ஏன் என்று ஆறுதலாக எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று சொல்லவேணும். உன் டிஸ்க் பிறேக்கை இன்னும் பூட்டவில்லை. பூட்ட வெளிக்கிட்டு, காரைக் கட்டைமேல் ஏற்றிப்போட்டு, வழக்கம்போல அடியில் ஸ்குறூட்றைவரால் குத்திக்குத்திப் பார்த்துக்கொண்டு வந்தேன். சீற்றுக்குப் பின்னால், பின் ஸ்பிறிங் வந்து உடம்போடு பிடிக்கிற பெட்டி இருக்கிறதல்லவா, இடப்பக்கத்தில் அந்த இடத்தில் பெயின்ற் வடிவாகத்தான் இருந்தது. ஸ்குறூட்றைவர் அப்பத்துக்குள் போவதுபோல உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது சிவப்பாகத் துருத்தூள் கொட்டியது. ஸ்பிறைற்றில் பின் ஸ்பிறிங் கால்வட்டமாய் வெட்டினதுபோலத்தான் இருக்கும். பின்பக்கத்துப் பாரமும், சில்லு தள்ளுகிற விசையும் அந்தப் பெட்டியில்தான் இறங்குகின்றன. அது உக்கிக் கிடக்க, முன்னுக்கு எந்த நல்ல பிறேக்கைப் பூட்டி என்ன? இரண்டு கிழமை அதிலேயே போயிற்று. உக்கினதை வெட்டி எடுத்து, நல்ல கனமான தகடு வளைத்து ஒட்டுவித்து, உள்பக்கம் முழுக்க மெழுகெண்ணெய் அடித்திருக்கிறேன். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு. காரைநகர்ப் பக்கம் ஒருக்கால் போய்வந்தாலே அடியைக் கழுவாமல் விடக்கூடாது.

இனி பிறேக் கதை. இதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை, அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. போன மாசியில் பொன்னாலைத் தாம்போதியில் காரைநகர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். காலை வெய்யில், இரண்டு பக்கமும் தண்ணீர், நல்ல ஓட்டம். எதிரே ஆட்டுக்கூட்டம் ஒன்று றோட்டில் ஏறியது. பிறேக்கில் கால் வைத்தேன், மிதி நேரே தரைக்குப் போயிற்று. இந்தக் காரில் நாலு சில்லுக்கும் ஒரே குழாய்வழிதான். ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. கியரை இறக்கி, கைப்பிறேக்கை இழுத்து, கடைசி ஆட்டுக்கு ஒரு பாகத் தூரத்தில் நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்கக் கனநேரம் எடுத்தது.

வீட்டில் டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் பிழை என்னுடையது. சில்லுச் சிலிண்டர் ரப்பரை மாற்றும்போது பெற்றோலில் கழுவியிருக்கிறேன். பிறேக் எண்ணெய்க்குச் செய்த ரப்பருக்குப் பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஆகாது. ஊதிப் பிதுங்கும், பிறகு உதடு கிழியும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். கையில் கிடைத்ததால் எதையும் கழுவிப் பழகிய காலத்துப் பழக்கம் இன்னும் கையில் இருக்கிறது. பிறேக் சாமானைப் பிறேக் எண்ணெயாலோ ஸ்பிரிற்றாலோ மட்டும்தான் கழுவவேணும். நீயும் அங்கே உன் காரில் கைவைக்கிற பிள்ளை, இதை மறக்காதே. எண்ணெயையும் இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் மாற்றிவிடு. அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், உள்ளே துருப்பிடிக்கும்.

ஆகவே உன் டிஸ்க் பிறேக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். 1958இல் இந்தக் கார் வந்தபோது நாலு சில்லுக்கும் 7 அங்குல டிரம். 1962இல் எஞ்சினை 1098 சிசி ஆக்கியபோது காரைச் செய்தவர்களே முன்னுக்கு டிஸ்க் போட்டார்கள். அதே குடும்பத்துச் சாமான், உடம்பில் ஒரு ஓட்டைகூடப் புதிதாகப் போடத் தேவையில்லை. மாஸ்ரர் சிலிண்டரையும் சேர்த்து அனுப்பினது நல்ல புத்தி. டிரம்முக்குச் செய்த சிலிண்டர் குழாயில் கொஞ்ச அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்குக்கு அது இருந்தால் பாட் உராய்ந்துகொண்டே கிடந்து சூடேறும்.

நீ மாற்றச் சொன்ன 1275 சிசி எஞ்சின் மட்டும் வேண்டாம். உனக்கு அந்தக் கதையின் பாதிதான் தெரியும், மீதியைச் சொல்கிறேன்.

நான் 1981இல் இந்தக் காரை வாங்கும்போது ஒரு டொக்ரர் வீட்டு வளவில் கோழி அடைகாத்துக் கிடந்தது. ஊரில் எல்லோரும் இதென்ன தவளை என்றார்கள். காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் என்னோடு வேலை செய்த மூத்த பிற்றர் ஒருவர்தான் பொனற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எங்கட மைனர் எஞ்சின்தானே" என்றார். மொறிஸ் மைனரில் இருக்கிற அதே 948 சிசி. மைனரில் ஒரு காபரேற்றர், 37 குதிரை. இதில் இரண்டு, 43 குதிரை. ஸ்ரியறிங் றாக்கும் மைனரின்ரதுதான். முன் சஸ்பென்சன் ஒஸ்ரின் ஏ35. மொறிஸ் மைனர் ஓடாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் உண்டா? அதனால்தான் இந்தக் கார் இங்கே பிழைத்தது. இங்கிலாந்திலிருந்து சாமான் வராத காலத்தில் கேஸ்கற், பெயாறிங், வால்வு எல்லாம் பக்கத்து ஊர் மைனர்களிடமிருந்து வந்தவை. இந்த எஞ்சின் இதற்குள் இருக்கும்வரை இது எங்கள் ஊர்க் கார்.

1990க்குப் பிறகு போரால் பெற்றோல் வராமல் நின்றபோது மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராற் எடுக்க மட்டும் போத்தலில் இருந்து கொஞ்சப் பெற்றோல், சூடேறினதும் மண்ணெண்ணெய். பின்னால் வெள்ளைப் புகை, ஊரெல்லாம் அடுப்பு மணம். இந்தக் காரையும் அப்படி ஓட்டச் சொல்லி எத்தனை பேர் கேட்டார்கள். நான் விடவில்லை. இதன் அமுக்கம் 8.3க்கு 1, மண்ணெண்ணெய் அதைத் தாங்காது, உள்ளே தட்டும். தட்டத் தட்ட பிஸ்ரனும் பெயாறிங்கும் போய்விடும். கொட்டிலில் கட்டையில் ஏற்றி, கிழமைக்கு ஒருக்கால் எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது, உனக்கு ஏழு வயது. மழையில் நாவற்குழிப் பாலம் கடந்து போனது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் மடியில் ஒரு பிஸ்கற் ரின் இருந்தது. காரைக் கொண்டுபோக முடியாது, ஆனால் அந்த இரண்டு காபரேற்றரையும் கழற்றி, கிறீஸ் தடவிய சீலையில் சுற்றி அந்த ரின்னுக்குள் வைத்திருந்தேன். மற்றதெல்லாம் மைனரில் எடுக்கலாம், அது இரண்டும் எடுக்கமுடியாது. கைதடி மட்டும் நீ அதைக் கீழே வைக்கவில்லை. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது கொட்டில் விழுந்து கிடந்தது. சீற் இல்லை, நாலு சில்லும் இல்லை. எஞ்சின் இருந்தது. ரின் எங்களிடம் இருந்தது.

அந்த எஞ்சினைக் கழற்றி மூலையில் வைக்க எனக்கு மனம் வராது, மகள். ஆனாலும் மனதை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. 948இன் கிறாங்க் மெல்லியது, அதை விரட்டினால் முறியும் என்று நீ சொன்னது சரி. அதனால் நான் விரட்டுவதில்லை. காங்கேசன்துறை வீதியில் எனக்கு 80க்கு மேல் என்ன தேவை? 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்ற பிறகு வால்வு இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டு வந்தது. 12 தவு (அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு) வைத்தால் இரண்டு மாதத்தில் 9. வால்வு தன் இருக்கையைத் தின்றுகொண்டு உள்ளே போகிறது என்று அர்த்தம். போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்திருந்த நேரம் ஹெட்டைக் கொழும்புக்கு அனுப்பிக் கெட்டி இருக்கை போடுவித்தேன். அன்றிலிருந்து 12 தவு 12 ஆகவே நிற்கிறது. இதுவும் முன்னேற்றம்தான், வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

டைனமோவை எடுத்துவிட்டு ஓல்ரனேற்றர் போடமாட்டேன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்தக் காரில் எஞ்சின் சுற்றைக் காட்டுகிற மீற்றரின் கேபிள் டைனமோவின் பின்பக்கத்திலிருந்துதான் வருகிறது. டைனமோவைக் கழற்றினால் அந்த மீற்றர் செத்துப்போகும். மெல்லிய கிறாங்க் உள்ள எஞ்சினுக்கு அந்த மீற்றர்தான் கண். லைற்றுகளுக்கு எல்ஈடி போட்டுவிட்டேன், டைனமோவின் பாரம் குறைந்துவிட்டது. போன வருசம் நீ தந்த எலக்ரோனிக் இக்னிசன் பூட்டி ஒழுங்காக ஓடுகிறது; பழைய பொயின்றும் கொண்டென்சரும் இரண்டு ஆணியோடு சீலையில் சுற்றிக் கதவுப் பைக்குள் கிடக்கின்றன. வழியில் நின்றால் 15 தவு வைத்து வீடுவந்து சேரலாம்.

ரேடியேற்றருக்கு நீ சொன்ன கூலன்ற் வாங்கிவிட்டேன். கலக்க மழைத்தண்ணீர்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது, கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளை ரேடியேற்றர் குழாயிலும் படியும். கார்த்திகை மழையில் பிடித்த இரண்டு கான் இன்னும் இருக்கிறது. கிங்பின்னுக்கும் கீழ்க்கை ஊசிக்கும் கிறீஸ் அடிப்பதை மட்டும் நான் இன்னொருவரிடம் விடுவதில்லை. ஆயிரம் மைலுக்கு ஒருக்கால். பழைய கிறீஸ் கறுப்பாக வந்து, பிறகு புதுக் கிறீஸ் சுத்தமாக வெளியே வரும்வரை.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

காபரேற்றர் இரண்டையும் பிரித்துச் சுத்தம் செய்து புது ஜெற் போட்டுவிட்டேன். பிஸ்ரனைத் தூக்கிவிட்டால் இரண்டும் 'டக்' என்று ஒரே மாதிரி விழுகின்றன. ஊசி நடுவில் நிற்கிறது. ஆனால் இரண்டையும் ஒப்பாக்க என்னால் முடியவில்லை. ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காபரேற்றர் வாயில், மறுமுனையைக் காதில் வைத்தால் முன்னதும் 'ஸ்ஸ்', பின்னதும் 'ஸ்ஸ்'. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. ஆனால் எஞ்சின் நடுங்குகிறது, ஆகவே ஒன்றல்ல. மூன்று பின்னேரம் முயன்றேன். காது டொக்ரரிடம் போனேன். ஆலையில் சீமெந்து அரைக்கிற உருளைகளுக்குப் பக்கத்தில் நின்ற வருசங்கள்தான் காரணம் என்றார். மெல்லிய கீச்சுச் சத்தங்கள் முதலில் போகுமாம். கதைப்பது கேட்கும், காற்று இழுக்கிற சத்தம் கேட்காது.

நீ எட்டு ஒன்பது வயதில் அந்தக் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு, "அப்பா, பின்னது கூடத் தண்ணி குடிக்குது" என்று சொல்வாய். நான் திருகாணியைக் கால் சுற்று திருப்புவேன். "இப்ப சரி." ஒருநாளும் பிழைத்ததில்லை. காற்றளவு பார்க்கிற மீற்றர் ஒன்று இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்பாய். வேண்டாம். நீ வா.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முந்தி வந்தால் போதும். அதற்குள் பிறேக் பூட்டிக் காற்றெடுத்து வைத்திருப்பேன். பேரனையும் கூட்டிவா. இந்தக் காரின் பின்பெட்டிக்கு வெளியே கதவில்லை, சீற்றுக்குப் பின்னாலே ஊர்ந்துபோய்த்தான் மாற்றுச் சில்லை எடுக்கவேணும் என்று சொல்லியிருப்பாய். முந்தி அது உன் வேலை. இப்போது எனக்கு முதுகு வளையாது, உனக்கும் இடம் போதாது. ஏன் கண் மேலே இருக்குது என்று போனில் கேட்டானாம். மடங்கி மூடுகிற லைற்றாகத்தான் முதலில் நினைத்தார்கள், செலவு கூடும் என்று அப்படியே நிமிர்த்தி விட்டுவிட்டார்கள் என்று சொல்லு. மீதியை நான் நேரில் சொல்கிறேன்.

இரண்டு காபரேற்றரையும் சேர்க்கிற கப்ளிங்கை இறுக்காமல் விட்டிருக்கிறேன். ஐட்லிங் திருகாணி இரண்டும் ஒரு சுற்றில் நிற்கின்றன, இனி ஒருவரும் தொடமாட்டார்கள். பழைய ரப்பர்க் குழாய் காய்ந்து வெடித்துவிட்டது. புதிது வாங்கிக் கொட்டில் தூணில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். முந்தியதைவிட ஒரு முழம் நீளமாக வெட்டினேன், இப்போது நீ நின்றுகொண்டுதானே கேட்பாய்.

அன்புடன்,
அப்பா