பெயரை விட்டு நிலத்தைப் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப வரலாறு தொகுப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை தொடர்பாக எழுதுகிறேன். குமரி மாவட்டத்தில் குடும்ப சங்கமம் நடத்தும் வீடுகள் பலவும் இப்போது வம்சாவளிப் புத்தகம் அச்சிடுகின்றன. தாத்தா, பூட்டன் என்று நாலைந்து தலைமுறை அடுக்கியதும் வண்டி நின்றுவிடுகிறது. பெயரை மட்டும் துரத்துவதால் வரும் வினை இது. காலனிக் கால அமெரிக்காவில் விளைநிலம் தேடி அலைந்த குடும்பங்களின் தடத்தை ஆராய்கிறவர்கள் நிலப்பத்திரத்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

அவர்களுக்கும் வேறு வழியில்லை. 1790இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் பெயர் 1850இல்தான் ஏறியது, அதிலும் அடிமைகளுக்குப் பெயரில்லை. நிலக் கதை வேறு. வர்ஜீனியாவில் 1618 முதல், ஆளைக் கடல் கடந்து கொண்டுவந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் கிடைத்தது. புகையிலை சில ஆண்டுகளிலேயே மண்ணைச் சக்கையாக்கிவிடும். உயிலில்லாமல் தகப்பன் இறந்தால் நிலம் மூத்தவனுக்கே. அந்தச் சட்டம் 1785இல்தான் போனது. இளையவர்கள் கரோலினாவுக்கும், அப்பலாச்சியன் மலை தாண்டிக் கென்டக்கிக்கும் பெயர்ந்தார்கள். மலைக்கு அப்பால் பழங்குடிகளின் நிலம், போகக் கூடாது என்று பிரிட்டிஷ் மன்னர் 1763இல் ஆணையிட்டார், யார் கேட்டார்கள்?

அங்கே பத்திரத்தில் ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்றிருந்தால் அப்பன், மகன் என்று முடிவு கட்டக் கூடாது. சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். நிலம் விற்கும்போது மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்த குறிப்பு இருக்கும். ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிய அவள் பெயர்தான் உதவும். நிலம் அளக்கச் சங்கிலி பிடித்தவர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும், பல நேரம் அவர்கள் சொந்தக்காரர்கள். எல்லையை ‘வெள்ளை ஓக் மரத்திலிருந்து வடகிழக்கே 120 கோல்’ என்று எழுதுவார்கள். ஒரு கோல் 16½ அடி. 160 சதுரக் கோல் ஒரு ஏக்கர். அதைத் தாளில் வரைந்து அக்கம்பக்கத்து நிலங்களையும் ஒட்டினால் ஊரே எழுந்து வரும். கூட்டமாகப் பெயர்ந்தவர்கள் அதிகம் என்பதால் பழைய ஊரின் அண்டை வீட்டுக்காரர் புதிய ஊரிலும் அண்டையில் தென்படுவார்.

தேதியில் வழுக்குகிறவர்கள் அங்கும் உண்டு. 1752க்கு முன் அங்கே ஆண்டு பிறப்பது மார்ச் 25. 1740 ஏப்ரலில் கல்யாணம், 1740 பிப்ரவரியில் பிள்ளை என்று பதிவேட்டில் கண்டால் முகம் சுளிக்க வேண்டாம்; அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1741. இங்கே அதே வேலையை, திருவிதாங்கூர்க் கால ஆவணங்களில் வரும் கொல்லம் ஆண்டு செய்கிறது. ஆங்கில ஆண்டு காண, ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824, அதன்பின் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். 1075 தை என்றால் 1900. எல்லாவற்றுக்கும் 825 கூட்டி, ஓராண்டு பிசகிய புத்தகங்களே அதிகம்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் மருமக்கள்வழி. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே 1926 சட்டம் வரும்வரை தரவாட்டுச் சொத்து, அதாவது கூட்டுக் குடும்பச் சொத்து, மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போனது. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கு மட்டும். தகப்பன் பெயரைக் கொண்டு தேடினால் பிரமாணம் (நிலப்பத்திரம்) கைவிரிக்கும், குடும்பத் தலைவரான காரணவர் பெயரைக் கொண்டு தேட வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பிரமாணத்துப் பெயர் வேறாக இருக்கக்கூடும். சபைப் பதிவேட்டையும் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கையிலிருக்கும் பிரமாணத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கு முந்தைய பத்திரமான முன்பிரமாணத்தின் எண்ணும் ஆண்டும் அதிலேயே இருக்கும். அதைப் பிடித்துப் பதிவு அலுவலகத்தில் நகல் கேளுங்கள். நான்கு மாலிலும் (எல்லையிலும்) வரும் பெயர்களைத் தனியே எழுதுங்கள். குமரி தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1க்கு முந்தைய ஆவணங்கள் பலவும் மலையாளத்தில் இருப்பதால், வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே வரிக்கு வரி தமிழெழுத்தில் எழுதி வாங்குங்கள். பழைய தாளை லேமினேஷன் செய்யாதீர்கள்: சூட்டில் உருகும் பசை தாளில் ஊறிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை