நிராகரியுங்கள், ஆனால் மதிப்பெண்ணைச் சொல்லுங்கள்

இங்கிலாந்து, வேல்ஸ் பாரிஸ்டர் சேம்பர்களில் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்களின் கூட்டு அலுவலகங்களில்) பியூப்பிலேஜுக்கு (தொழில் தொடங்குமுன் பெறவேண்டிய நேரடிப் பயிற்சிக்கு) ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சட்டம் படித்த பிள்ளைகள் எழுதும் விண்ணப்பங்களை அனுப்புமுன் படித்துப் பார்த்துக் கொடுப்பவள் நான். என் கோரிக்கை ஒன்றுதான்: வேண்டாம் என்று ஒதுக்குபவர்களுக்கு அவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று சொல்லுங்கள்.

பியூப்பிலேஜ் விண்ணப்பங்களுக்கான கேட்வே இணையதளம் வழியாக ஓர் ஆண்டுச் சுற்றில் 20 சேம்பர்களுக்கு வரை விண்ணப்பிக்கலாம். 'ஏன் எங்கள் சேம்பர்?' என்ற கேள்விக்கு இருபது விதமாகப் பதில் எழுதவேண்டும். (பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று நான்தான் பயமுறுத்தி வைத்திருக்கிறேன்.) நேர்காணல்வரை போனால் சில இடங்களில் ஒரு பிணை வழக்கைக் கையில் கொடுத்து, கொஞ்ச நேரத்தில் வாதாடச் சொல்கிறீர்கள். நான் அறிந்த ஒரு பெண் ஊரடங்கு நேரம், பாஸ்போர்ட் ஒப்படைப்பு, காவல் நிலையத்தில் கையெழுத்து என்று நிபந்தனைகளை வரிசையாக அடுக்கினாள். அரசுத் தரப்பின் ஆட்சேபத்துக்கு அவை பதிலாகுமா என்று கேட்டபோது தடுமாறினாளா, சமாளித்தாளா? இன்றுவரை அவளுக்குத் தெரியாது. வந்த பதில்: 'போட்டி மிகக் கடுமையாக இருந்தது.'

இந்தப் பிள்ளைகளுக்குக் காலமும் குறைவு. பார் பயிற்சி (பாரிஸ்டர் ஆவதற்கான படிப்பு) முடித்து ஐந்தாண்டுக்குள் பியூப்பிலேஜ் தொடங்கவேண்டும் என்பது பொதுவிதி. பல ஆயிரம் பவுண்டு கட்டிப் படித்து, 'இன்' எனப்படும் பாரிஸ்டர் சங்கத்தில் 'கால்' (பாரிஸ்டர் பட்டம்) வாங்கி, விக்கும் கவுனுமாகப் படம் எடுத்தாயிற்று. உறவுக்காரர் எல்லோருக்கும் அவள் பாரிஸ்டர். பியூப்பிலேஜ் இல்லாமல் அந்தப் பட்டத்தோடு நீதிமன்றத்தில் எழுந்து வாதாட முடியாது என்பதை அம்மாவுக்கு விளங்கவைப்பதே தனி வழக்கு.

நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும், வழக்கு வேலைக்கு நடுவே படிக்கிறீர்கள், எல்லோருக்கும் கடிதம் எழுத இயலாது என்பது புரிகிறது. ஆனால் கேள்விவாரியாக மதிப்பெண் போடும் சேம்பர்களிடம் அந்த எண்கள் கையிலேயே இருக்கின்றனவே. முதல் சுற்றில் விழுந்தவருக்கு அவை போதும். நேர்காணலுக்கு வந்தவருக்கு மட்டும் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். கடைசிச் சுற்றுவரை வந்தவர்களுக்குச் சில சேம்பர்கள் இப்போதே இதைச் செய்கின்றன.

வாய்ப்புக் கடிதங்கள் மே மாதத்தில் போகின்றன. ஜூன் முடிவதற்குள் மற்றவர்களுக்கு இதை அனுப்பிவிட்டால் நல்லது. நவம்பர் கடைசியில் அடுத்த ஆண்டுச் சுற்றுக்கான இடங்கள் கேட்வேயில் வந்துவிடும்.

இப்படிக்கு,
விண்ணப்பங்களைப் படித்துக் கொடுப்பவள்