புதியது என்று அனுப்பிய பழைய ஐ.சி.க்கள்: புகார் கடிதம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கடற்படை விமான மின்னணுப் பணியாளர்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
விற்பனை மேலாளர்,
மின்னணு உதிரிபாக விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: பழைய ஐ.சி.க்களைப் புதியவை என்று விற்றது குறித்து.

ஐயா,

போன மாதம் உங்களிடம் ஆறு ரிசால்வர்-டிஜிட்டல் கன்வெர்ட்டர் ஐ.சி. வாங்கினேன். சுற்றும் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை எண்ணாக மாற்றித் தரும் மின்னணுச் சில்லு அது. வரியோடு 14,400 ரூபாய். ‘புதியது, ராணுவத் தரம், மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை’ என்று பில்லிலேயே இருக்கிறது. வந்தவற்றில் நான்கு, பழைய போர்டுகளிலிருந்து கழற்றி, மேலே கறுப்பு பூசி, புது எழுத்து அடித்தவை.

சனிக்கிழமைகளில் பாலிடெக்னிக் பையன்கள் சிலர் என் வீட்டுக்கு வருவார்கள். பாதிப் பேர் நாங்குநேரிப் பக்கம். விஜயநாராயணம் கடற்படை நிலையத்தின் தகவல்தொடர்புக் கோபுரங்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், கடற்படையில் சேர ஆசை. தொலைவில் வரும் விமானத்தை முன்கூட்டியே கண்டறியும் முன்னெச்சரிக்கை விமானத்தின் ரேடார் எப்படித் திசையைச் சொல்கிறது என்று காட்ட, சுற்றும் ஆண்டெனா மாதிரி ஒன்று செய்தோம். அமெரிக்கக் கடற்படையின் ஹாக்ஐ விமானத்தில் முதுகின் மேல் 24 அடி விட்டத்தில் ஒரு தட்டு சுழலும். நம் கடற்படையின் காமோவ்-31 ஹெலிகாப்டரில் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும் ஆண்டெனா, பறக்கும்போது விரிந்து சுற்றும். எதுவானாலும், ஆண்டெனா இந்த நொடியில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது எண்ணாக மாறித் திரைக்குப் போக வேண்டும். அதில் ஒரு டிகிரி பிசகினால், 200 கிலோமீட்டர் தள்ளி வரும் விமானத்தை மூன்றரை கிலோமீட்டர் விலக்கிக் காட்டும்.

எங்கள் ஆண்டெனா சீராகத்தான் சுற்றியது. திரையில் மட்டும் கோணம் 40-லிருந்து 52-க்குத் தாவியது. இரண்டு நாள் வயரிங்கைத்தான் சந்தேகப்பட்டோம். பிழை தன்னுடையது என்று ஒரு பையன் வாடிப்போனான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஐ.சி.யின் முதுகைத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அடியில் உப்புத்தாள் தேய்த்த கோடுகள், பாதி அழிந்த பழைய எழுத்து. மேலே அடித்திருந்த தேதிக் குறி 1926, அதாவது 2019-இன் 26-ஆவது வாரம். அடியில் தெரிந்தது 9347, அதாவது 1993-இன் 47-ஆவது வாரம். அடியில் தெரிந்த பழைய பாக எண்ணும் 0 முதல் 70 டிகிரி வரைக்கான சாதாரணத் தரத்துக்கு உரியது. ஆறில் நான்கு இப்படி.

போனில் பேசிய உங்கள் ஊழியர், நான் சால்டர் வைத்துச் சூடேற்றிக் கெடுத்துவிட்டேன் என்றார். நான் சாக்கெட்டில் செருகினேனே தவிர, சால்டரிங் அயர்னைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை. அப்படியானால் கால்களின் வேரில் ஒட்டியிருக்கும் பழைய ஈயம் யாருடையது? படங்களை இணைத்திருக்கிறேன்.

இது சின்ன விஷயமில்லை. விமானம் பல பத்தாண்டு பறக்கும், ஐ.சி.யின் தயாரிப்பு அதற்கு வெகுமுன்பே நின்றுவிடும். அதன் பிறகு உங்களைப் போன்ற இடைவிற்பனையாளர்தான் கதி. அமெரிக்க செனட் குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் சுமார் 1,800 போலிப் பாக சம்பவங்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் இருந்தன. பி-8ஏ கடல் கண்காணிப்பு விமானத்தில் பனி உறைவதை அறியும் கருவிக்குள்ளும் பழைய பாகம் புதிதென்று போயிருந்தது. அதே குடும்பத்தின் பி-8ஐ விமானங்கள் நம் அரக்கோணத்திலிருந்து பறக்கின்றன. என் மேசையில் கோணம் தாவினால் பாடம் நிற்கும், அவ்வளவுதான். வானத்தில் தாவினால்?

பழசு என்று சொல்லியிருந்தால் பழைய விலைக்கு நானே வாங்கியிருப்பேன். நல்ல பழைய ஐ.சி. மேல் எனக்கு மரியாதை உண்டு.

15 நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இல்லாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான்கையும் திருப்பி அனுப்பமாட்டேன். அவை மறுபடி விற்பனைக்குப் போகக் கூடாது. நீங்கள் அனுப்பும் ஆள் முன்னால் உடைத்துத் தருகிறேன். இதே லாட்டில் வேறு யாருக்கெல்லாம் விற்றீர்களோ, அவர்களுக்கு இந்த வாரமே எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை எனக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்