நாலு நூல் கம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று ஞாயிறாக போன் இல்லை. அங்கே நேரம் மாற்றிவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பையன் வேலை போய் ஊருக்கு வந்துவிட்டான். சும்மா, செய்திக்காகச் சொன்னேன்.

நீ முன்னே அனுப்பிய கட்டிடக் கம்பி போட்டோவை நேற்று பெரிதாக்கிப் பார்த்தேன். 4, எஸ், 60 என்று முத்திரை. அமெரிக்காக்காரன் கணக்கு ஒன்றும் புதிதில்லையப்பா, நம் நூல் கணக்குதான். இஞ்ச்சுக்கு எட்டு நூல். அவனுடைய நம்பர் 4 நம் நாலு நூல். அரை இஞ்ச், 12.7 எம்எம். நம்பர் 8 என்றால் ஒரு இஞ்ச். 60 என்பது பலம், நம் பழைய 415 ரகக் கம்பிக்குப் பக்கத்தில் வரும். எட்டாவதோடு நின்றவன் நானே கண்டுபிடித்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முத்திரையை நம்பாதே, எடை போடு. வரிக் கம்பியில் காலிப்பர் வைத்தால் வரி மேல் உட்கார்ந்து கூடக் காட்டும். எம்எம் டயாவை, அதாவது விட்டத்தை, அதே டயாவால் பெருக்கி 162-ஆல் வகு, மீட்டருக்கு இத்தனை கிலோ. நம் கடையில் நாலு நூல் என்று விற்கும் 12 எம்எம் கம்பி முழு நீளம் 12 மீட்டருக்குப் பத்தரை கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். சைட் நடக்கிறதுதானே? எடை போடாமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

இதை உனக்கு நான் சொல்வதே வெட்கம். அத்தை வீட்டுக்கு லோடு இறங்கிய அன்று நீதான் ஒரு கம்பியைத் தராசில் போட்டு, "அப்பா, ஒன்பதே முக்கால்தான் வருது" என்றாய். லாரிக்காரன் முன்னால் உன்னை அறைந்தேன். உன் கணக்கு சரி. எனக்கு அப்போதே தெரியும். மலிவு என்று, பழைய இரும்பை மறுபடி உருட்டிச் செய்த ரீரோலிங் கம்பி எடுத்து, அத்தையிடம் முழு விலை வாங்கியிருந்தேன்.

இப்போது அத்தை மேலே ஒரு மாடி எடுக்கப் போகிறாள். தூணில் என்ன கம்பி என்று இன்ஜினியர் கேட்டார். நாலு நூல் என்று சொல்லிவிட்டு வந்து, இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அத்தையிடம் நானே சொல்கிறேன். அதற்கு முன் அந்தத் தூண் எவ்வளவு தாங்கும் என்று நீ கணக்குப் போட்டுச் சொல். தூண் 9 இஞ்ச்சுக்கு 9, நாலு கம்பி.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். போன் மட்டும் பண்ணு.

அப்பா