சிவந்தால்தான் புண்ணா?

ஆசிரியருக்கு,

படுக்கைப் புண் ஆராய்ச்சி பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். பல நேரம் தோலுக்கு முன்பே எலும்பை ஒட்டிய தசை சிதையத் தொடங்கிவிடுகிறது என்பதை விளக்கியது நல்ல காரியம். ரத்த ஓட்டம் தடைபட்டு வரும் சேதத்துக்குச் சில மணி நேரம் பிடிக்கும். அழுத்தத்தில் திசு நசுங்கி உருக்குலைவதால் வரும் சேதமோ நிமிடக் கணக்கில்கூடத் தொடங்கலாம். சரி, இவ்வளவு தெரிந்த பிறகும், வீட்டில் பார்த்துக்கொள்பவரிடம் 'தோல் சிவந்திருக்கிறதா பாருங்கள்' என்றுதானே சொல்லி அனுப்புகிறார்கள்? கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது.

பக்கவாதத்தில் படுத்த என் தாயாருக்கு இடுப்பின் கீழே நிறம் மாறவே இல்லை. உடம்பு துடைத்துவிட வந்த உதவியாளர்தான் புறங்கையை வைத்துப் பார்த்து, "இங்க மட்டும் சூடா, கெட்டியா இருக்கே" என்றார். அன்றே ஒருக்களித்துப் படுக்கவைத்து, அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டோம், தோல் கிழியவில்லை. (வளையத் தலையணை வைக்கலாமே என்ற உறவினரையும் அவரே தடுத்தார், அது விளிம்பில் அழுத்தத்தைக் கூட்டுமாம். உண்மைதான்.)

மருத்துவமனைகள் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் சூடு, குளிர்ச்சி, கெட்டித்தன்மை, வலி ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கும் முறையைச் சேர்க்க வேண்டும். செவிலியர் ஒருமுறை செய்துகாட்டினால் இன்னும் நல்லது. புண் வெளியே தெரியும் முன்பே கண்டுபிடிக்கத் தோலடி ஈரத்தை அளக்கும் கருவிகளைச் சோதிப்பவர்களும் எல்லா நிறத் தோலிலும் சோதிக்கட்டும்.

– ஒரு வாசகர்